அப்பாவோட பழைய ரிசீவர்ல இடது பக்கம் சத்தம் வரல, பெங்களூர் ஆளுங்க கொஞ்சம் உதவுங்க
அல்சூர்ல இருக்கேன். அப்பா 1978ல வாங்கின ஜப்பான் ஸ்டீரியோ ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டில), ஆன் பண்ணா அஞ்சாறு செகண்ட்ல ரிலே (ஸ்பீக்கருக்கு லைனை இணைக்கிற தானியங்கி சுவிட்ச்) ‘டிக்’னு விழுது ஆனா இடது பக்கம் சத்தம் இல்ல, வால்யூமை நல்லா ஏத்தினா திடீர்னு வந்துடுது, குறைச்சா மறுபடி போயிடுது. ஸ்பீக்கரை மாத்திப் போட்டும் பாத்தாச்சு, அதே பக்கம்தான். வால்யூம் கண்ட்ரோல்ல கான்டாக்ட் கிளீனர் அடிச்சதுல கரகரப்பு போச்சு, இது போகல. ஸ்பீக்கர் டெர்மினல்ல டிசி வோல்டேஜ் 20 மில்லிவோல்ட்தான் காட்டுது, அது ரொம்பக் கம்மி, அதனால அவுட்புட் டிரான்சிஸ்டர் மேல சந்தேகம் இல்ல. ரிலே மூடியைக் கழட்டினா உள்ள கான்டாக்ட் கறுத்துக் கிடக்கு. இதை சுத்தம் பண்ணா போதுமா, புதுசே போடணுமா? 24 வோல்ட் டபுள் போல் ரிலே (ரெண்டு பக்க லைனையும் சேர்த்து இணைக்கிறது) எஸ்பி ரோட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல கிடைக்குமாங்க? ஒரு கடைல போர்டையே தூக்கிப் போடச் சொல்றாங்க, எனக்கு மனசே வரல. சாயங்காலம் ஆனா அப்பா இன்னும் அது முன்னாடிதான் வந்து உக்காருறார்.