ஈகிளை நிலவில் இறக்கியது ஆம்ஸ்ட்ராங்கா, கணினியா?

பழைய ரேடியோ:
1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11-இன் நிலவில் இறங்கும் கலமான ஈகிளை இறக்கியது கணினிதான், உள்ளே இருந்த இரண்டு பேரும் வெறும் பயணிகள் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். என்னால் ஏற்க முடியவில்லை. கணினி கொண்டுபோய் விடவிருந்த இடம் எது? பெரிய பள்ளத்தின் ஓரம், சுற்றிலும் பாறைகள். ஆம்ஸ்ட்ராங் ஜன்னல் வழியாக அதைப் பார்த்து, சுமார் 150 மீட்டர் உயரத்தில் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்து, பாறைகளைத் தாண்டி ஓட்டிப்போய் சமதரை தேடி இறக்கினார். ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து, எரிபொருள் இன்னும் 60 விநாடிக்குத்தான், அப்புறம் 30 விநாடிக்குத்தான் என்று கணக்கு வந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் கணினியை மட்டும் நம்பியிருந்தால் பாறை மேல் கவிழ்ந்திருக்கும்.

பைனரி:
நானே எழுதினேன். பயணிகள் என்றது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கைக்கு எடுத்தார் என்பதை கார் ஓட்டுவது மாதிரி நினைக்காதீர்கள். அப்போதும் எஞ்சினின் உந்துவிசையைக் கூட்டிக் குறைத்தது கணினிதான். அவர் ஒரு சுவிட்சைத் தட்டினால் இறங்கும் வேகம் விநாடிக்கு ஓர் அடி மாறும், அவ்வளவுதான். இறங்கும்போது வந்த 1202 அலாரத்தையும் பாருங்கள், கணினிக்கு வேலைப்பளு அதிகமாகிவிட்டது என்ற எச்சரிக்கை அது. அப்போது தேவைப்படாத ஒரு ரேடார் கணினியின் நேரத்தைத் தின்றதால் வந்தது. கணினி முடங்கிப்போகவில்லை, அவசரமில்லாத வேலைகளைத் தள்ளிவிட்டு இறக்கும் வேலையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. மார்கரெட் ஹாமில்டன் குழுவினர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து எழுதிய மென்பொருள் அது.

கடலோரன்:
நீங்கள் இரண்டு பேரும் பூமியில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களை மறந்துவிட்டீர்களே. சில வாரங்களுக்கு முன் ஒத்திகையில் இதே மாதிரி 1201 அலாரம் வந்தபோது, தேவையே இல்லாமல் தரையிறக்கத்தைக் கைவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஜாக் கார்மன் என்ற 24 வயது நாசா பொறியாளர் எல்லா அலாரம் எண்களையும் ஒரு தாளில் கைப்பட எழுதி வைத்தார். நிஜத்தில் 1202 வந்ததும் பயப்பட வேண்டாம் என்று அவர் கட்டுப்பாட்டு அறையில் வழிகாட்டல் பொறுப்பிலிருந்த ஸ்டீவ் பேல்ஸிடம் சொல்ல, பேல்ஸ் 'போகலாம்' என்றார். அந்தத் தாள் இல்லையென்றால் பாதியிலேயே திரும்பியிருப்பார்கள்.

பழைய ரேடியோ:
சரி, அந்தத் தாளுக்கு நானும் தலை வணங்குகிறேன். ஆனால் தாள் பாறையைப் பார்க்காது. மறுநாளே சோவியத்தின் லூனா 15, ஆளில்லாமல் இறங்கப் பார்த்து நிலவில் மோதி நொறுங்கியது. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் அப்போது அங்கேதான் இருந்தார்கள்.

பைனரி:
அடுத்த வருடமே லூனா 16 ஆளில்லாமல் இறங்கி 101 கிராம் மண் கொண்டுவந்ததே! 2023-இல் சந்திரயான்-3 கேமராவால் தரையைப் பார்த்துத் தானே இறங்கியது. 1969-இல் கணினிக்குக் கண் இல்லை. குறை அது ஒன்றுதான்.

பழைய ரேடியோ:
அதைத்தான் நானும் சொல்கிறேன், அன்றைக்கு அந்தக் கண் மனிதனிடம் இருந்தது. அப்பல்லோவில் மொத்தம் ஆறு தடவை இறங்கினார்கள். தரை தொடும் வரை தானாகவே இறக்கும் நிரலும் கணினியில் இருந்தது. ஒரு கமாண்டர்கூட அதைப் பயன்படுத்தவில்லை.