சிகாகோ குற்ற வரைபடத்தில் நடுநகரம் ஏன் இவ்வளவு சிவப்பாகத் தெரிகிறது?

புவியியல் மாணவி (கேள்வி):
சிகாகோ மாநகரம் 2001 முதல் பதிவான குற்றங்களின் தரவைப் பொதுவில் வைத்திருக்கிறது. அதைக் கொண்டு ஊடாட்ட வரைபடம் ஒன்றை உருவாக்கி, திருட்டுகளை மட்டும் பிரித்துப் பார்த்தேன். 77 சமூகப் பகுதிகளில் நடுநகரமான லூப் மிகவும் சிவந்து தெரிகிறது. அங்கு வசிப்போர் எண்ணிக்கையால் வகுத்தால் இன்னும் மோசமாகிறது. லூப் அவ்வளவு ஆபத்தான இடமா? ஒரு புள்ளி குறிப்பிட்ட வீட்டின் மேல் விழுந்தால், குற்றம் அங்கேயே நடந்ததாகக் கொள்ளலாமா?

நகரத் திட்டமிடுநர்:
நீங்கள் வகுத்த எண்தான் சிக்கல். 2020 கணக்கெடுப்பின்படி லூப்பில் வசிப்பவர்கள் ஏறத்தாழ 42,000 பேர். ஆனால் வேலை நாட்களில் அங்கு வந்து போகிறவர்கள் லட்சக்கணக்கானோர். கடையில் பொருள் களவு போவதும், ரயிலில் பணப்பை பறிபோவதும் அந்தக் கூட்டத்தைச் சார்ந்தவை என்பதால், குடியிருப்போரை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் விகிதம் பொய்யாக உயர்ந்துவிடும். ஓஹேர் விமான நிலையப் பகுதியிலும் இதே கோளாறு வரும். கொலையையும் கடைத் திருட்டையும் ஒரே அடுக்கில் கலந்துவிடாதீர்கள். நேரவாரியாகவும் பிரித்துப் பாருங்கள்.

தரவுப் பணியாளர்:
வீட்டைப் பற்றிய கேள்விக்கு என் பதில், கூடாது என்பதே. பாதிக்கப்பட்டோரின் அந்தரங்கத்தைக் காக்க, முகவரியைத் தெருப் பகுதி அளவோடு நிறுத்தி, புள்ளியையும் அதே தெருப் பகுதிக்குள் நகர்த்தியே வெளியிடுகிறார்கள். அதை அறியாமல் ஒரு குடும்பத்தின் வாசலைக் கை காட்டுவது பெரும் அநீதி. முகவரியை ஆயத்தொலைவாக மாற்றும்போதும் பிழை நேரும்: லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் வரைபடத்தில், மென்பொருளால் இனங்காண முடியாத முகவரிகள் எல்லாம் காவல் தலைமையகத்துக்கு அருகிலுள்ள ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்ததை 2009இல் ஒரு நாளிதழ் கண்டுபிடித்தது. ஓரிடத்தில் திடீரென்று குவியல் தெரிந்தால், முதலில் மூலப் பதிவுகளைத் திறந்து பாருங்கள்.

புவியியல் மாணவி:
மிக்க நன்றி. அப்படியானால் பகுதி முழுவதற்கும் ஒரே நிறம் பூசுவதையும் கைவிட வேண்டுமா?

நகரத் திட்டமிடுநர்:
ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், முடிவுக்கு வேண்டாம். மினியாபொலிஸில் நடந்த ஆய்வு ஒன்று 1989இல் வெளியானது. காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி, நகரின் இடங்களில் ஏறத்தாழ 3 சதவீதத்திலிருந்தே வந்தன என்று அது காட்டியது. ‘மோசமான பகுதி’ என்று பெயரெடுத்த இடத்திலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியாகவே இருக்கின்றன. தெருவாரியாகப் பிரித்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.