ஜியோகேச்சிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

பள்ளி விடுமுறைக்குள் குடும்பங்களுக்கான சிறு கையேடு ஒன்று தமிழில் வர வேண்டும். ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை இன்னொருவர் ஜிபிஎஸ் பார்த்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே எடுத்த மாதிரி வைத்துவிட்டு வரும் விளையாட்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஆட்டம் புரிகிறது, பெயர்தான் புரிவதில்லை. 'கேச்' என்றால் ஒளித்து வைத்தது, ஆனால் 'கேச்சிங்' என்றால் பந்து பிடிப்பது என்று நினைக்கிறார்கள். இப்போதைக்கு 'புவிப்புதையல் வேட்டை' என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், அச்சுக்குப் போன பிறகு வேண்டாம்.

— திருநகரிலிருந்து

*

> 'புவிப்புதையல் வேட்டை'

ஆட்சேபம் இருக்கிறது, அக்கா. 'புவி' போனால் போகட்டும், 'புதையல்' கூடவே கூடாது.

இந்த விளையாட்டில் டப்பாவுக்காக மண்ணைத் தோண்டக் கூடாது. வைப்பவருக்கும் அதுதான் விதி, தேடுபவருக்கும் அதுதான். கல்லிடுக்கு, மரப்பொந்து, கம்பித்தூணின் பின்பக்கம் என்று கை எட்டுகிற இடத்தில்தான் இருக்கும். அட்டையில் 'புதையல்' என்று போட்டுவிட்டு ஆறாம் பக்கத்தில் 'தோண்டாதீர்கள்' என்று எழுதினால், பிள்ளைகள் அட்டையைத்தான் நம்புவார்கள். களைக்கொத்தியோடு கிளம்புவார்கள்.

அடுத்தது சட்டம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல். 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லிடுக்கில் வைத்த டப்பாவும் அதிலுள்ள கோலிக்குண்டும் அதில் வராது. ஆனால் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு பொருளோடு இருக்கும் சொல்லை விளையாட்டுக்கு எடுப்பானேன்?

எல்லாவற்றையும்விட நம்ம மதுரைப் பக்கம்தான் எனக்குக் கவலை. யானைமலை, கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, மாங்குளம் என்று சுற்றியுள்ள குன்றுகளில் சமணர் படுகைகளும் பழங்கல்வெட்டுகளும் இருக்கின்றன. பாறை ஓரமாக நாலு பேர் குனிந்து தேடினால் ஆடு மேய்ப்பவர் 'என்ன தேடுறீங்க' என்று கேட்கத்தான் செய்வார். அந்தக் கேள்விக்குப் பிள்ளை வாயில் என்ன பதில் வருகிறதோ அதுதான் இந்த விளையாட்டின் பெயர். 'புதையல்' என்று சொல்லிவிட்டால், நாம் போனைத் திறந்து விளக்குவதற்குள் ஊர் கூடிவிடும்.

ஆங்கிலத்திலும் இப்படி ஒரு பெயர் மாற்றம் நடந்தது. ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது, சாதாரணக் கருவியாலும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் ஒரு கறுப்பு வாளியை வைத்து அதன் இடக்குறியை, அதாவது இடத்தைக் காட்டும் எண்களை, இணையத்தில் போட்டார். முதலில் வழங்கிய பெயர் 'ஸ்டாஷ் ஹன்ட்', ஒளித்து வைத்த சரக்கைத் தேடுவது என்று பொருள். அதில் போதைப்பொருள் வாடை அடித்ததால், மே 30 அன்று மாட் ஸ்டம் ஒரு மடற்குழுவில் 'ஜியோகேச்சிங்' என்ற சொல்லை முன்வைத்தார்.

— ஒத்தக்கடை

*

அந்த முதல் வாளியே பாதி மண்ணில் புதைந்துதான் இருந்தது தம்பி! தோண்டாத விதி பின்னால் வந்தது. ஆனாலும் உங்கள் பக்கம்தான் நான்.

மற்ற சொற்களையும் தட்டிப் பார்த்துவிடலாம். 'பதுக்கல்' என்றால் ரேஷன் அரிசி நினைவுக்கு வரும், போலீஸ் செய்தி மாதிரி இருக்கும். 'கரவு' அகராதியில் அருமையான சொல், வாயில் சொன்னால் கரப்பான்பூச்சி ஓடும். 'ஒளிப்பு' என்றால் பாதிப் பேருக்கு வெளிச்சம். மணலைக் கரைபோல் குவித்து, துரும்பை உள்ளே மறைத்து, எதிராளி இரு கையையும் கோத்து மூடி 'இங்கேதான்' என்று சொல்வானே, கிச்சுக்கிச்சுத் தாம்பாளம், ஆட்டத்தின் உயிர் அதுதான். ஆனால் அந்தப் பெயரை அரசு அலுவலகத்தில் அனுமதிக் கடிதத்தில் எழுத முடியாது.

— சோழவந்தான்

*

டப்பாவிலிருந்து தொடங்குவோம். எனக்குத் தோன்றுவது 'சிமிழ்'. மூடி போட்ட சின்னக் கலம், உள்ளே ஏதோ பத்திரமாக இருக்கிறது. குங்குமச் சிமிழ் எல்லா வீட்டிலும் உண்டு, விளக்கவே வேண்டாம். ஆட்டம் 'சிமிழ்த்தேடல்', ஒளித்து வைத்தவர் 'சிமிழ்க்காரர்', தேடுகிறவர் 'தேடுநர்'. ஆடு மேய்ப்பவரிடமும் 'ஒரு சிமிழ் தேடுறோம்ணே' என்று சொல்லலாம், யாரும் மிரள மாட்டார்கள்.

அளவுப் பெயர்களுக்கும் நம்மிடம் பாத்திரங்கள் இருக்கின்றன. விரல் நுனி அளவே உள்ள காந்தக் குப்பி 'மணி'. 100 மில்லிக்குள் 'சிறுசிமிழ்'. 100 மில்லி முதல் 1 லிட்டர் வரை 'செப்பு'. 1 முதல் 20 லிட்டர் வரை 'பெட்டி'. அதற்கு மேல் 'பேழை'. நடைமுறையில் குடும்பத்துக்குத் தோதானது செப்பு. தாளும் பென்சிலும் பிள்ளைகள் மாற்றிக்கொள்ளும் சாமானும் கொள்ளும், கல்லிடுக்கிலும் அடங்கும்.

எந்த டப்பா என்பதையும் கையேட்டில் திட்டமாக எழுத வேண்டும், ஏனென்றால் முதல் மழையில் பாதி டப்பாக்கள் கெட்டுவிடும். மூடியின் உள்விளிம்பில் ரப்பர் வளையமும் நான்கு பக்கமும் பூட்டும் உள்ள சாப்பாட்டு டப்பா, 500 மில்லி முதல் 1 லிட்டருக்குள், நல்லது. எவர்சில்வர் தூக்குவாளி பார்க்க உறுதியாக இருக்கும், மூடியில் தண்ணீர் இறங்கும். சிறுசிமிழுக்கு சர்க்கரை பரிசோதனைப் பட்டை வரும் குப்பி போதும். மூடி இறுக்கமாக இருக்கும், ஈரம் உறிஞ்சும் பொருளும் அதிலேயே உண்டு. பழைய ஃபிலிம் டப்பா இப்போது கிடைப்பதில்லை, கிடைத்தாலும் ஐப்பசி மழைக்குத் தாங்காது.

தண்ணீர் புகுவதற்குப் பெரும்பாலும் டப்பா காரணமில்லை. பதிவுத்தாள் வைத்த ஜிப் கவரின் ஒரு மூலை மூடியின் ரப்பருக்கும் விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், அந்த மயிரிழை வழியாக ஒரே இரவில் நனைந்துவிடும். ஆகவே கவர் டப்பாவைவிட இரண்டு விரல் சின்னதாக இருக்கட்டும். மூடியதும் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், இந்த வேலையைப் பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். தாளில் எழுதப் பென்சில்தான், 2பி. ஜெல் பேனா எழுத்து ஈரம் பட்டால் கரையும், பந்துமுனைப் பேனா டப்பாவுக்குள்ளேயே கிடந்து வெயிலில் கசியும்.

வெயிலும் ஓர் எதிரி. சித்திரை வைகாசியில் திறந்த பாறையில் வைத்த மெல்லிய பிளாஸ்டிக் வெளுத்து, தொட்டால் உடையும். கல்லிடுக்கின் நிழலில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைப்பது நல்லது, எறும்பும் குறையும். உள்ளே தின்பண்டம் ஒன்றுகூட வேண்டாம், மிட்டாய்த் தாளின் வாசனை போதும், அழகர்கோயில் குரங்கு டப்பாவைப் பிரித்து மேய்ந்துவிடும். கத்தி, தீப்பெட்டி, பட்டாசு, மருந்து எதுவும் கூடாது.

— கே.கே. நகர்

*

சிமிழ் எனக்கும் பிடித்திருக்கிறது, ஐயா. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, டப்பாவே இல்லாத வகை உண்டு. எர்த்கேச்சில் ஓர் இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையோ மண்ணையோ பார்த்து, கேட்ட கேள்விக்கு விடை அனுப்ப வேண்டும். சிமிழ் எங்கே? நம் பகுதியில் இந்த வகைதான் அதிகம் தேவைப்படும். சமணர் படுகைக்குப் பக்கத்தில் டப்பா வைப்பது முறையல்ல, யார் அனுமதி கொடுத்தாலும் அங்கே வைக்கக் கூடாது என்பேன். அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், அங்கும் அப்படித்தான். பார்த்துவிட்டு வரலாம், எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது. இதற்கு 'நிலப்பாடம்' என்று தனிப்பெயர் வைத்துவிட்டால் சிமிழுக்குச் சிக்கல் வராது. பல இடம் சுற்றிக் கடைசியில் டப்பா கிடைப்பது 'தொடர்சிமிழ்'. கணக்குப் போட்டோ புதிர் அவிழ்த்தோ இடத்தைக் கண்டுபிடிப்பது 'விடுகதைச் சிமிழ்'.

இரண்டாவது இடக்குறி. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் 'ஆயத்தொலைவு' இருக்கிறது, அது கட்டத்தாளுக்குச் சரி, இங்கே வேண்டாம். டிகிரி, மினிட்டுக்குப் 'பாகை', 'கலை' என்ற பழைய சோதிடச் சொற்களே இருக்கின்றன. 'நிமிடம்' என்று எழுதினால் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இதைச் சொல்லக் காரணம், இந்த ஆட்டத்தில் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. இணையத்தில் சிமிழ்களைப் பட்டியலிடும் பக்கங்களில் இடக்குறி பாகையும் கலையுமாக வரும், கலைக்குப் பின்னால் மூன்று தசம இலக்கம். கூகுள் மேப்பில் தசமப் பாகையாக வரும். மீனாட்சியம்மன் கோயிலை வைத்துக் கணக்குப் போடுவோம்: வடக்கு 9.9195, கிழக்கு 78.1193. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் 60-ஆல் பெருக்கினால் 0.9195 × 60 = 55.170, 0.1193 × 60 = 7.158. அதாவது வடக்கு 9 பாகை 55.170 கலை, கிழக்கு 78 பாகை 07.158 கலை. கலையைத் திரும்ப 60-ஆல் வகுக்காமல், அப்படியே 9.55170 என்று மேப்பில் தட்டினால் 40 கிலோமீட்டர் தெற்கே போய் அருப்புக்கோட்டைப் பக்கம் நிற்பீர்கள். ஏழுக்கு முன்னால் உள்ள சுழியமும் முக்கியம், விட்டுவிட்டால் சில செயலிகள் ஏற்றுக்கொள்ளாது.

கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் சுமார் 1.8 மீட்டர் நகரும். போனின் துல்லியம் திறந்தவெளியில் ஏறக்குறைய 5 மீட்டர்தான். யானைமலை போன்ற செங்குத்துப் பாறையை ஒட்டி நின்றால் ஜிபிஎஸ் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பும், 10, 20 மீட்டர் தள்ளிக் காட்டும். அம்புக்குறி அங்குமிங்கும் ஆடும்போது அதன் பின்னாலேயே ஓடக் கூடாது. 10 மீட்டருக்குள் வந்ததும் போனைப் பையில் போட்டுவிட்டு, 'நான் ஒளித்து வைத்தால் எங்கே வைப்பேன்' என்று கண்ணால் தேட வேண்டும். இடுக்கில் கையை விடுமுன் குச்சியால் தட்டிப் பார்க்கவும், தேளும் பாம்பும் நிழலைத்தான் தேடும். சிமிழ் வைப்பவர் வேறு வேறு நேரத்தில் வந்து அளந்து, சராசரி எடுத்து எழுத வேண்டும். இரண்டு சிமிழ்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும்.

கருவிப் பட்டியலில் 'செயற்கைக்கோள் கருவி' என்று பொதுவாக எழுதாதீர்கள். கையடக்க ஜிபிஎஸ் வேறு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வேறு. பின்னதை இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. குடும்பத்துக்குப் போன், பவர் பேங்க், தண்ணீர், தொப்பி, குச்சி, இரண்டு பென்சில், மாற்று ஜிப் கவர், உலர்ந்த துணி போதும்.

— நாகமலை புதுக்கோட்டை

*

'ஹின்ட்' என்பதற்குத் 'துப்பு' போதும், துப்பறிதல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் துப்பை மறைத்து எழுதும் முறை தமிழுக்கு வேண்டும். வழக்கமாக ரோமன் எழுத்தை 13 இடம் தள்ளி எழுதுவார்கள். 26 எழுத்து என்பதால் இரண்டு முறை தள்ளினால் பழையபடி வந்துவிடும். தமிழ் எழுத்தை அது தொடாது, துப்பு அப்பட்டமாகத் தெரியும்.

நமக்கு மெய் 18, ஆகவே 9 இடம் தள்ளலாம். மேல்வரிசை க ங ச ஞ ட ண த ந ப, அதற்கு நேர் கீழே ம ய ர ல வ ழ ள ற ன. மேலே உள்ளதற்குக் கீழே உள்ளது, கீழே உள்ளதற்கு மேலே உள்ளது. உயிரும் புள்ளியும் காலும் கொம்பும் மாறாது. 'பாறை' என்பது 'னாநை' ஆகும், 'மரம்' என்பது 'கசக்' ஆகும். வாயால் சொல்ல முடியாத கூட்டு வரும், வந்தால் என்ன, எழுத மட்டும்தானே. இரண்டு வரிசையையும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையே பிரித்துவிடும். விடுகதைச் சிமிழில் இடக்குறியைத் தமிழ் எண்களில் கொடுக்கலாம். ௧-ஐ 'க' என்றும் ௭-ஐ 'எ' என்றும் பெரியவர்களே படித்துவிடுவார்கள்.

— செல்லூர்

*

அனைவருக்கும் நன்றி. 'சிமிழ்த்தேடல்' என்றே மாற்றுகிறேன், முதல் பக்கத்தில் ஒரே ஒரு முறை 'ஜியோகேச்சிங்' என்றும் போடுகிறேன், இணையத்தில் தேட அது வேண்டும். மாற்றிக்கொள்ளும் சாமானுக்குப் 'பண்டம்' என்று எழுதியிருக்கிறேன், பண்டமாற்று என்பதால். எடுத்தால் அதே மதிப்பில் ஒன்று வைக்க வேண்டும் என்ற விதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எண் பொறித்த தகட்டோடு சிமிழ் விட்டுச் சிமிழ் போகும் பொருள் 'வழிப்போக்கன்', அதை யாரும் சொந்தமாக்கக் கூடாது. தேடிக் கிடைக்காவிட்டால் 'கிடைக்கலை' என்றே பதியலாம், அதற்குக் கலைச்சொல் தேவையில்லை.

டப்பாவுக்குள் வைக்கும் அறிமுகச் சீட்டின் வாசகம் கீழே, திருத்துங்கள்:

'இது ஒரு விளையாட்டுக்காக வைத்த சிமிழ். தற்செயலாகக் கண்டவர்கள் திறந்து பார்க்கலாம், பெயர் எழுதலாம், திரும்ப இதே இடத்தில் வைத்துவிடவும். இதில் விலையுள்ள பொருள் எதுவும் இல்லை. இட உரிமையாளரின் அனுமதியோடு வைக்கப்பட்டது.'

— திருநகரிலிருந்து

*

அக்கா, மூன்றாவது வரியை முதல் வரியாக்குங்கள், திறப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். சீட்டு உள்ளே மட்டும் இருந்தால் போதாது. மூடியின் மேல் 'விளையாட்டுச் சிமிழ், ஆபத்தில்லை' என்று அழியாத மார்க்கரில் பெரிதாக எழுதி, சிமிழ்க்காரர் போன் எண்ணையும் போடச் சொல்லுங்கள். யாருடையதென்று தெரியாத டப்பா தனியாகக் கிடந்தால் வெடிகுண்டு என்று பயப்படுவார்கள், ரயில் நிலையம், பாலம், பள்ளி வாசல், கோயில் மதில் பக்கம் வைக்கவே கூடாது. சீட்டை இங்க்ஜெட்டில் அடிக்க வேண்டாம், ஈரத்தில் கரையும். லேசர் அச்சு எடுத்து லேமினேட் செய்யுங்கள், ஓரத்தில் அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் விட்டு வெட்டினால்தான் தண்ணீர் இறங்காது.

— ஒத்தக்கடை