ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லை, ஆனாலும் வண்டி நின்றுகொண்டே இருந்தது

ஏழு மாதமாக என்னைப் பாடாய்ப்படுத்திய கோளாறு போன வாரம்தான் பிடிபட்டது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி காமன் ரெயில் டீசல், அதாவது பம்ப் அழுத்தித் தரும் டீசல் 'ரெயில்' என்கிற ஒரு பொதுக் குழாயில் நின்று, அங்கிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் (டீசலை சிலிண்டருக்குள் பீய்ச்சும் பாகம்) போகிற வகை. 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. முதலில் காலையில் மட்டும்தான் தகராறு. இரவு முழுக்க நின்ற வண்டியை எடுத்தால் ஏழெட்டு விநாடி செல்ஃப் அடித்த பிறகே பிடிக்கும், அதுவும் குளிரான நாளில்தான். பேட்டரி என்று நினைத்து மாற்றினேன், வீண். அப்புறம் ஒரு நாள் மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்காமல் திணறி, மஞ்சள் விளக்கு எரிந்து, லிம்ப் மோடுக்கு, அதாவது வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலைக்குப் போய்விட்டது. ஓரம் கட்டி, சாவியை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக நடந்துகொள்ளும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற குழந்தை மாதிரி.

ஸ்கேனரில் வந்த கோட் பி0087. ரெயில் பிரஷர் குறைவு என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. பம்பா, இன்ஜெக்டரா, ஃபில்டரா, சென்சாரா, யாரால் குறைந்தது என்பதை நாம்தான் தேட வேண்டும். முதல் ஒர்க்‌ஷாப்பில் ஃபில்டர் மாற்றினார்கள், இரண்டு வாரம் நன்றாக ஓடியது. இரண்டாவது இடத்தில் ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது, கையோடு நான்கு இன்ஜெக்டரையும் மாற்றிவிடலாம் என்றார்கள். தொகையைக் கேட்டதும் வண்டியை வீட்டுக்கே ஓட்டிவந்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் ஓபிடி ரீடர் (வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கிற தகவலைப் படிக்கும் கருவி) ஒன்றை வாங்கி, ஈசியூ, அதாவது என்ஜினை நடத்தும் அந்தக் கம்ப்யூட்டர் கேட்கிற ரெயில் பிரஷரையும் உண்மையில் இருக்கிற பிரஷரையும் சேர்த்துப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஓடும்போது) இரண்டும் 280 பார் (பிரஷரின் அளவு) பக்கத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தன. மூன்றாவது கியரில் மேடு ஏறும்போது ஈசியூ 1,100 கேட்கிறது, உண்மை அளவு 900, 780, 640 என்று இறங்குகிறது, உடனே விளக்கு. ஆனால் அதே மேட்டில் மறுநாள் பிசிறே இல்லை. அந்த இரண்டு நாளுக்கும் என்ன வித்தியாசம் என்று மண்டையைக் குடைந்துகொண்டதில் தெரிந்தது இதுதான்: முதல் நாள் டேங்க் கால்வாசிக்குக் கீழே, மறுநாள் முழு டேங்க். ஃபில்டர் மாற்றிய பிறகு இரண்டு வாரம் ஓடியதற்கும் காரணம் ஃபில்டர் இல்லை, அன்றைக்கு டேங்க்கை நிரப்பியிருந்தேன்!

என் வண்டியில் டேங்க்குக்குள் மின்சார பம்ப் கிடையாது. என்ஜினில் இருக்கிற பம்ப்தான் டேங்க்கிலிருந்து உறிஞ்சி இழுக்க வேண்டும். டீசல் மட்டம் இறங்க இறங்க அது அதிக உயரம் இழுக்க வேண்டியிருக்கும், லைனில் வெற்றிடம் கூடும். எங்காவது மயிரிழை இடைவெளி இருந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராது. அதனால்தான் இரண்டு ஒர்க்‌ஷாப்பிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு 'லீக் எதுவும் இல்லை' என்றார்கள். பொய் சொல்லவில்லை, ஈரம் இருந்தால்தானே தெரியும்.

இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களை நான்கு சின்னப் பாட்டிலில் விட்டுப் பார்த்தேன், நான்கிலும் மட்டம் ஏறக்குறைய சமம். பழுதான இன்ஜெக்டர் என்றால் அதிலிருந்து மட்டும் அதிக டீசல் திரும்பி வரும். சரி, அவற்றின் மேல் பழி இல்லை. அடுத்து ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே டீசல் தாங்கும், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் போட்டேன். ஸ்டார்ட் செய்ததும் கடுகளவு குமிழிகள் வரிசையாக ஓடின, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் நுரையாகவே போனது. அதே குழாயைக் கழற்றி ஃபில்டருக்கு முன்னால் மாட்டினேன். சுத்தமான டீசல், ஒரு குமிழிகூட இல்லை. அப்படியென்றால் காற்று ஃபில்டரில்தான் நுழைகிறது.

ஃபில்டரின் அடியில், டீசலில் தண்ணீர் சேர்ந்தால் காட்டும் தண்ணீர் சென்சார் திருகியிருக்கும். ஃபில்டர் மாற்றும்போது பழைய சென்சாரைக் கழற்றிப் புதியதில் மாட்டுவார்கள், அதன் ஓ-ரிங்கையும் (இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்ற வேண்டும். மாற்றவில்லை. தட்டையாகி, ஒரு இடத்தில் நகம் கீறின மாதிரி வெட்டு. குளிரில் ரப்பர் இறுகும்போது வெட்டு திறக்கும், சூடானால் மூடிக்கொள்ளும். கோளாறு ஆரம்பித்ததே வழக்கமான சர்வீஸில் ஃபில்டர் மாற்றி ஒரு மாதம் கழித்துத்தான், அதை நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

*

அருமை சார். காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன் ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால் அழுத்தி லைனில் ஏற்றும் சின்ன பம்ப்) பத்துப் பதினைந்து தடவை அமுக்கிப் பார்த்திருந்தால் முதல் வாரமே சந்தேகம் வந்திருக்கும். அமுக்கியதும் டக்கென்று பிடித்தால், இரவில் டீசல் டேங்க்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது என்று அர்த்தம்.

எனக்கு நடந்தது வேறு கதை. நெடுஞ்சாலையில் அரை மணி ஓடினால் நிற்கும், பத்து நிமிடம் சும்மா இருந்தால் ஓடும். பம்ப் சூடாகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசியில் டேங்க்கை இறக்கினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் சவ்வு, கேன் மூடியின் சீல் மாதிரி. ஓட ஓட நகர்ந்துவந்து உறிஞ்சும் வாயில் ஒட்டிக்கொள்ளும், என்ஜினை நிறுத்தினால் விழுந்துவிடும். வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் வென்ட் (டேங்க்குக்குள் காற்று போகும் வழி) அடைப்பு என்று பிடித்துவிடலாமாம். எனக்குச் சத்தம் வரவில்லை, அதனால்தான் டேங்க்கை இறக்கும் முடிவுக்கு வந்தோம்.

*

எல்லோரும் டீசலையே தேடுகிறீர்கள், என் அனுபவம் ஒயரில். அதே பி0087, ஆனால் பதிவில் பிரஷர் படிப்படியாக இறங்கவில்லை, ஒரே நொடியில் 900-லிருந்து அடிமட்டத்துக்கு விழுந்து மறுபடி 900-க்கு வந்தது. உண்மையான பிரஷர் அப்படித் துள்ளாது. என்ஜின் ஓடும்போது ரெயில் சென்சார் கனெக்டரை விரலால் லேசாக ஆட்டினேன், ஆஃப் ஆகிவிட்டது. பின் ஒன்றில் பச்சைப் பாசி மாதிரி துரு. சுத்தம் செய்து, தளர்ந்த பின்னை இறுக்கியதோடு சரி.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய டீசலில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்ப்பார்களே, அதைக் காமன் ரெயிலில் செய்யாதீர்கள். ஆயிரம் பாருக்கு மேல் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசிப்புள்ளி மாதிரிதான் தெரியும், கையையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

*

அண்ணே, பம்ப் மேல் கடைசிவரை சந்தேகம் வரவில்லையா? அந்தக் கண்ணாடிக் குழாய் இன்னும் வண்டியிலேயே இருக்கிறதா?

*

வந்தது தம்பி, நன்றாகவே வந்தது. அதனால்தான் ஓ-ரிங் மாற்றுவதற்கு முன் ஒரு கேனில் சுத்தமான டீசல் வைத்து, டேங்க், ஃபில்டர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக பம்புக்கே கொடுத்துப் பார்த்தேன். நிறுத்தின இடத்திலேயே எவ்வளவு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலும் கேட்ட பிரஷரைக் கொடுத்தது. முழுச் சான்று இல்லைதான், மேட்டு லோடு அங்கே கிடையாது. ஆனால் அன்றே ரிங் மாற்றி அதே மேட்டில் ஏறினேன், 1,100 கேட்டதற்கு 1,090 நின்றது.

குழாயைக் கழற்றிவிட்டேன், என்ஜின் சூட்டில் ரொம்ப நாள் தாங்காது. இப்போது டேங்க் கால்வாசிக்குக் கீழே, வேண்டுமென்றே நிரப்பாமல் வைத்திருக்கிறேன். இன்று காலை நல்ல குளிர். சாவியைத் திருப்பினேன், ஒரே அடியில் பிடித்தது.