40 ஆயிரம் வெள்ளிக்குள் பல் ஸ்கேனர்: டெமோவில் 37-ஆம் எண் பல்லுக்குப் போனதும் நின்றுவிடுகிறது, வாங்கலாமா?

பட்டர்வொர்த் டாக்டரம்மா

வணக்கம். பட்டர்வொர்த்தில் இரண்டு நாற்காலி போட்ட சின்ன கிளினிக் என்னுடையது. வேலையில் பாதிக்கு மேல் கிரவுனும் (பல் உறை) பிரிட்ஜும் (பல் பாலம்) தான். பல்லை நேராக்கும் அலைனர் கேட்டு வருகிறவர்கள் இப்போதுதான் தலைகாட்டுகிறார்கள். இம்ப்ளான்ட் வேலைக்கு வெளியிலிருந்து ஒரு டாக்டர் வருவார்.

இன்றுவரை சிலிகான் அச்சுதான். கிரவுன் செய்து தரும் லேப் ஈப்போவில். கூரியரில் அச்சு போய்ச் சேர்ந்து, "மார்ஜின் (கிரவுன் உட்காரும் விளிம்பு) தெரியவில்லை டாக்டர்" என்று அவர்கள் போன் பண்ணுவதற்குள் நோயாளி டெம்பரரி கிரவுனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். சீனப் பெருநாளுக்கு முன்னால் லேப் மூடுகிற வாரத்தில் இது நடந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் வாய்க்குள் விட்டுப் பல்லைப் படமெடுக்கும் இன்ட்ராஓரல் ஸ்கேனர் யோசனை.

கருவிக்கு 40 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரை போடலாம். கம்ப்யூட்டர் தனி. கையில் இருப்பவை: சீனத் தயாரிப்பு ஒன்று, புதியது, விலைக்குள் வருகிறது. கிளினிக்கை மூடுகிற ஒருவரிடம் பழைய மெடிட் ஐ700 ஸ்கேனர். மூன்றாவது ஒரு பெரிய பெயர், மாதத் தவணையில்.

சீனக் கருவியை டெமோவுக்குக் கொண்டுவந்தார்கள். மேல் வரிசை வெண்ணெய் மாதிரி போனது. கீழே இடது பக்கம் 35, 36-ஆம் எண் பற்களைத் தாண்டி, இரண்டாவது கடைவாய்ப் பல்லான 37-இன் பின்பக்கம் போனதும் படம் நின்றுவிடுகிறது. பின்னால் வந்து 35-ஐக் காட்டினால் மறுபடி பிடிக்கிறது. ஒரு தடவை 37-இன் மேடு ஒன்று இரண்டாகத் தெரிந்தது. நோயாளிக்கும் அப்படித்தான், என் உதவியாளரின் வாயிலும் அப்படித்தான். "பழகினால் சரியாகிவிடும் டாக்டர்" என்கிறார் விற்கிறவர். கருவிதான் மட்டமா, வேறு ஏதாவதா?

செந்தூல் பல்

அவசரப்பட்டு கருவியைக் கழிக்காதீர்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள்: யாருடைய லேப்டாப்? சார்ஜர் செருகியிருந்ததா? நாற்காலி விளக்கு எரிந்ததா?

பட்டர்வொர்த் டாக்டரம்மா

அவர் பையிலிருந்து எடுத்த ஒல்லியான லேப்டாப். சார்ஜர் செருகவில்லை, பேட்டரியில்தான் ஓடியது. விளக்கு எரிந்தது, நான்தான் வழக்கம்போலப் போட்டேன்.

செந்தூல் பல்

சரி, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

இந்தக் கருவிகள் ஒளியைப் பாய்ச்சி, துண்டு துண்டாகப் படம் எடுத்து, ஒன்றோடு ஒன்றை அந்த நொடியிலேயே ஒட்டிக்கொண்டு போகின்றன. ஒட்டுகிற வேலை பெரும்பாலும் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு தலையில்தான். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்துவிடும். சிலவற்றில் என்விடியா கார்டு இருந்தும், மென்பொருள் உள்ளே இருக்கும் சாதாரண கிராபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். மேல் வரிசையில் படம் குறைவு, தாங்கியது. கீழே போவதற்குள் மெமரி நிறைந்து மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கும். சார்ஜரைச் செருகி, பவர் செட்டிங்கை முழு வேகத்தில் வைத்து, என்விடியா கன்ட்ரோல் பேனலில் அந்த மென்பொருளுக்கு என்விடியா கார்டையே ஒதுக்கச் சொல்லுங்கள். கேபிளை யூஎஸ்பி ஹப்பில் குத்தாமல் நேரே லேப்டாப்பில் குத்த வேண்டும், 3.0 துளையில்.

நாற்காலி விளக்கை அணைத்துவிடுங்கள், அல்லது வாயிலிருந்து திருப்பிவிடுங்கள். அந்த வெளிச்சம் ஸ்கேனரின் ஒளியோடு சண்டை போடும். டெமோ கருவியைக் காரில் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், கேலிபரேஷன் (அளவைச் சரிசெய்வது) செய்தார்களா என்றும் கேளுங்கள். உங்கள் கண்முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள்.

மீதிப் பாதி கை. 37-இன் பின்பக்கம் இடம் குறுகல். தாடை எலும்பு ஏறுகிற இடத்தில் ஸ்கேனரின் முனை (டிப்) இடிக்கும், நாக்கு ஏறி வரும். அசையும் சதை அதிகமாகி பல் குறைவாகத் தெரிந்தால் எந்தக் கருவியும் தொலைந்துதான் போகும். வாயை அகலத் திறக்கச் சொல்லாதீர்கள், கன்னம் இறுகி இடம் இன்னும் குறையும். பாதி மூடச் சொல்லி, கன்னத்தைக் கண்ணாடியால் ஒதுக்கி, முதலில் கடிக்கும் பரப்பு முழுவதையும் ஒரே ஓட்டமாக எடுங்கள். பிறகு நாக்குப் பக்கம், கடைசியில் கன்னப் பக்கம். முதல் ஓட்டம் சரியாக விழுந்தால் மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு வரும்.

புக்கிட் மெர்தாஜாம் லேப்

டாக்டர், நான் டெக்னீஷியன். நீங்கள் அனுப்பும் பைல் வந்து விழுகிற இடத்திலிருந்து சொல்கிறேன்.

எந்தக் கருவி என்பதை விட, உங்கள் ஈப்போ லேப் எதைத் திறக்கும் என்பதை முதலில் கேளுங்கள். எஸ்டிஎல் வகைப் பைலை எல்லோரும் திறப்போம். ஆனால் எஸ்டிஎல்லில் நிறம் கிடையாது. ஈறும் பல்லும் ஒரே சாம்பல் நிறத்தில் வரும், மார்ஜின் கோட்டை நாங்கள் குத்துமதிப்பாகத்தான் போட வேண்டியிருக்கும். பிஎல்ஒய் வகைப் பைல் வந்தால் நிறத்தோடு வரும், ஈறு எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்க்கலாம். பூட்டில்லாத பைல் தரும் கருவியாகப் பாருங்கள். கம்பெனியின் சொந்த பார்மட்டில் மட்டும் தந்து, வெளியே எடுக்கத் தனிக் காசு கேட்கும் கருவி வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். அச்சில் மார்ஜின் வராத டாக்டருக்கு ஸ்கேனிலும் வராது. சிலிகானாவது ஈறுக்குள்ளே கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகும். ஒளி போகாது. ரத்தமோ எச்சிலோ மார்ஜின் மேல் படிந்திருந்தால் கருவி அதையும் பல்லாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஈறை ஒதுக்கும் நூலை வைத்து, ரத்தம் நின்று, காயவைத்த பிறகு எடுத்த ஸ்கேன் எந்த விலைக் கருவியிலிருந்து வந்தாலும் எனக்குப் போதும். ஒற்றை கிரவுனுக்கு விலைக் கருவியும் மலிவுக் கருவியும் என் மேசையில் பெரிய வித்தியாசம் காட்டுவதில்லை. வரிசை முழுக்கப் போகும் பிரிட்ஜ் என்றால் கதை வேறு. ஒவ்வொரு ஒட்டிலும் துளித் துளியாகப் பிசகு சேர்ந்து, ஒரு கடைவாய்ப் பல்லிலிருந்து மறுபக்கக் கடைவாய்ப் பல்லுக்குப் போவதற்குள் அளவு மாறிவிடும்.

மேலும் கீழும் கடித்த நிலையில் எடுக்கும் கடி ஸ்கேனையும் கவனியுங்கள். கிரவுன் உயரமாக இருக்கிறது என்று திரும்பி வருவதில் பாதி, நோயாளி சரியாகக் கடிக்காத நேரத்தில் எடுத்த கடிதான்.

ஜெலுத்தோங் கடைவாய்

பழைய ஐ700 பற்றி யாரும் பேசவில்லையே. நல்ல கருவிதான், ஸ்கேன் செய்து எஸ்டிஎல் எடுக்க ஆண்டுக் கட்டணம் கிடையாது. ஆனால் பழையதை வாங்கும்போது கருவியை மட்டும் வாங்கக் கூடாது. பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து முறையாக மாற்றித் தருவார்களா, உத்தரவாதம் மாறுமா, இரண்டையும் இங்குள்ள விநியோகஸ்தரிடம் எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டில் விற்ற கருவி இங்கே ஓடாதபடி சில கம்பெனிகள் பூட்டி வைக்கின்றன. ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைப்பதில் சிலவற்றின் மர்மம் அதுதான்.

புதியது என்றாலும் மெடிக்கல் டிவைஸ் அத்தாரிட்டியில் பதிவானதா என்று பாருங்கள். 2012-ஆம் ஆண்டின் 737-ஆவது சட்டப்படி பதிவில்லாமல் இங்கே விற்கக் கூடாது. அவர்கள் இணையதளத்திலேயே தேடலாம்.

என் கதை சுருக்கமாக: வாங்கிய இடத்தின் பெயர் வேண்டாம். கேபிள் மூட்டில் கோளாறு வந்தது. கருவியை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அதுவரை மாற்றுக் கருவி கிடையாது என்றார்கள். திரும்பவும் சிலிகான் கலக்க உட்கார்ந்தேன். அதனால் விலை பேசும்போதே மாற்றுக் கருவி உண்டா, எத்தனை நாளில் வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

டிப் விலையையும் கேளுங்கள். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 134 டிகிரியில் திரும்பத் திரும்ப வேகவைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி மங்கும். ஒரு டிப் எத்தனை சுற்று தாங்கும் என்று கையேட்டில் இருக்கும். இரண்டு நாற்காலிக்கு நாலு டிப்பாவது வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் பழையவர்

எல்லோரும் வாங்கு வாங்கு என்கிறீர்கள். மாதத்துக்கு எத்தனை கிரவுன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாலைந்துதான் என்றால், சிலிகான் அச்சை லேப்பிலேயே மேசை ஸ்கேனரில் வைத்து எடுத்துக்கொள்வார்கள், வேலையும் டிஜிட்டலாகவே நடக்கும். மகளே, உன் பிரச்சினை கூரியர் என்றால் பக்கத்திலேயே ஒரு லேப்பைப் பிடி. புக்கிட் மெர்தாஜாம்காரர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறாரே.

அலைனர் ஆசை இருந்தால் இன்னொன்றும் கேட்டுக்கொள். இன்விசலைன் அலைனர்காரர்கள் எல்லா ஸ்கேனரையும் ஏற்பதில்லை, அவர்களுடைய ஐடெரோ ஸ்கேனரோடு வேறு சிலவற்றை மட்டும்தான். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், அவர்களிடமே நேரில் கேள். வேறு அலைனர் கம்பெனி என்றால் பெரும்பாலும் எஸ்டிஎல் போதும்.

பட்டர்வொர்த் டாக்டரம்மா

ஐயா, மாதம் இருபது கிரவுனுக்குக் குறையாது. அதனால் வாங்குவது உறுதி. ஆனால் லேப் விஷயத்தை யோசிக்கிறேன்.

இரண்டாவது டெமோ முடிந்தது. அக்கா மகனின் கேமிங் லேப்டாப்பைக் கடன் வாங்கினேன். ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி மெமரி, சார்ஜர் செருகி, நேர் துளையில் கேபிள். விளக்கை அணைத்தோம். கேலிபரேஷனை என் முன்னாலேயே செய்தார், முன்பு எப்போது செய்தது என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. அதே உதவியாளர், அதே 37. நிற்காமல் போனது. பாதி மூடிய வாய் உண்மையிலேயே பெரிய வித்தியாசம். விற்கிறவருக்கே ஆச்சரியம், இனி அந்த ஒல்லி லேப்டாப்பைக் கொண்டுவர மாட்டாராம்.

ஒரே குறை: இன்னொரு நோயாளிக்கு 46-இல் பழைய மெட்டல் கிரவுன். அந்த இடத்தில் பளபளப்பில் ஓட்டை விழுகிறது. அப்புறம், நோயாளிகளின் ஸ்கேனெல்லாம் கம்பெனியின் கிளவுடுக்குத் தானாக ஏறுகிறது. அது பரவாயில்லையா?

செந்தூல் பல்

மெட்டலுக்கு எல்லாக் கருவியும் திணறும். நன்றாகக் காயவையுங்கள். நேர் மேலிருந்து காட்டாமல் டிப்பைச் சாய்த்து, 45-இலிருந்து மெதுவாக ஊர்ந்து வாருங்கள். அப்படியும் ஓட்டை விழுந்தால் பளபளப்பை மறைக்கும் ஸ்கேன் ஸ்ப்ரே லேசாக ஒரு மூச்சு, தடித்தால் அளவு கெடும். அந்தப் பல்லுக்கே கிரவுன் செய்யப் போவதில்லை என்றால் சின்ன ஓட்டையை விட்டுவிடலாம். மேல் பல் கடிக்கும் இடத்தில் மட்டும் ஓட்டை இருக்கக் கூடாது.

கிளவுடைச் சும்மா விடாதீர்கள். 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நல விவரம் தனிக் கவனம் வேண்டிய தரவு. ஒப்புதல் படிவத்தில் ஸ்கேனைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள். தானாக ஏற்றுவதை செட்டிங்கில் நிறுத்த முடியுமா, சர்வர் எந்த நாட்டில் என்று விற்கிறவரிடம் கேளுங்கள். கிளினிக்கில் தனி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் எப்படியும் வேண்டும்.

புக்கிட் மெர்தாஜாம் லேப்

டாக்டர், அந்த 37 ஸ்கேனை பிஎல்ஒய்யாகவும் எஸ்டிஎல்லாகவும் அனுப்புங்கள், கடியையும் சேர்த்து. எக்ஸோகேட் மென்பொருளில் திறந்து பார்த்து எங்கே ஓட்டை, எங்கே இரட்டை என்று குறித்து அனுப்புகிறேன். காசெல்லாம் வேண்டாம். ஈப்போக்காரருக்கும் அதே பைலை அனுப்பிப் பாருங்கள்.

பட்டர்வொர்த் டாக்டரம்மா

இன்று மாலை இரண்டு பேருக்கும் அனுப்புகிறேன் அண்ணே. மாற்றுக் கருவி, நாலு டிப், கேலிபரேஷன் பயிற்சி மூன்றையும் சேர்த்து விலை எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். எழுத்தில் வந்தால் சீனக் கருவி, வராவிட்டால் ஐ700-காரரிடம் கணக்கு மாற்றத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். தவணைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.