இல்லாத மலை 90 வருடம் வரைபடத்தில் நின்றது எப்படி?

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:
தரம் 10 பிள்ளைகளுக்கு 19ஆம் நூற்றாண்டு ஆபிரிக்க வரைபடம் ஒன்றைக் காட்டினேன். மேற்கே குறுக்காக ‘கொங் மலைகள்’ என்று நீளமான தொடர். இப்போதைய அட்லசில் அது இல்லை. பிள்ளைகள் விடாமல் கேட்கிறார்கள். யாராவது விளக்குவீர்களா?

கல்முனை, ஓய்வுபெற்ற நில அளவையாளர்:
ரீச்சர், அப்படி ஒரு தொடரே இல்லை. 1796இல் மேற்கு ஆபிரிக்காவின் நைஜர் ஆற்றைக் கண்ட பயணி மங்கோ பார்க், தூரத்தில் சில மலை உச்சிகளையும் கண்டதாகச் சொன்னார். லண்டனில் இருந்த ஜேம்ஸ் ரெனல் 1798இல் அதை நெடுந்தொடராக நீட்டிவிட்டார். கிரானில் நின்று குடும்பிமலையைப் பார்த்துவிட்டு அம்பாறை வரை மலை போடுவது மாதிரி. நைஜர் தெற்கே கடலுக்குப் போகாது என்பது ரெனலின் கணிப்பு. ஆற்றை மறிக்கும் மலை அதற்குத் தோதாக அமைந்தது. வங்காளத்தை அளந்த பெரிய அளவையாளர் என்பதால் எல்லோரும் நம்பிப் பிரதி எடுத்தார்கள். 1830இல் லாண்டர் சகோதரர்கள் ஆற்றோடு போய்க் கடலையே அடைந்தார்கள், அப்போதும் வரைபடத்தில் மலை அழியவில்லை! 1888இல் பிரெஞ்சு அதிகாரி பிங்கர் கொங் நகருக்கே போய்ப் பார்த்த பிறகுதான் மலை இல்லை என்று முடிவு வந்தது. நேரில் போகாமல் கோடு போடக்கூடாது என்று நான் சண்டை பிடிப்பது இதற்காகத்தான்.

அக்கரைப்பற்று வாசகர்:
சேர் சொன்னது சரி. அப்புறம், சிடி முபாரக் பொம்பே பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் ரீச்சர். ஆபிரிக்காவில் சிறுவயதில் அடிமையாகப் பிடிபட்டு இந்தியாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பி வந்து, ஆபிரிக்காவை ஆராயப் போன ஸ்பீக், ஸ்டான்லி, கமரூன் மூவருடனும் நடந்தார். வழிகாட்டிய அவர் பெயர் எங்கள் பாடப்புத்தகத்தில் வரவே இல்லை. எனக்கு அது இன்றும் ஆத்திரம்தான்.