சீமெந்தாதல் வேண்டாம், சாந்துப்பிணைவு எனலாம்

அன்புடையீர்,

மணல், சேறு போன்றவை படிந்து உருவாகும் அடையற்பாறை பற்றிய சொற்பட்டியலில், துகள்களின் இடைவெளிகளில் கனிமம் வீழ்படிந்து அவற்றை ஒட்டிப் பிடிக்கும் நிகழ்வுக்குச் 'சீமெந்தாதல்' என்று இட்டிருப்பதை மாற்றவேண்டும் என்பது என் கருத்து. காங்கேசன்துறையில் சுண்ணாம்புக்கல்லை அகழ்ந்து சீமெந்து செய்த நாட்டில், அச்சொல்லைப் படிக்கும் மாணவர் கல் சீமெந்தாக மாறுவதையே நினைப்பார். இங்கு நிகழ்வதோ தளர்ந்து கிடந்த துகள் கல்லாவது.

'இறுகல்' போதுமே என்றொரு கருத்தும் முன்வைக்கப்பட்டது. அதை நான் ஏற்கவில்லை. மேலே குவியும் அடையலின் பாரத்தால் துகள்கள் நெருங்கி, இடையிலுள்ள நீர் வெளியேறுவதே இறுகல். புதிதாய்ப் படிந்த சேற்றில் பாதிக்கு மேற்பட்ட கனவளவு நீராகவே இருப்பதால், களிக்கல் உருவாவதில் அதற்கே பெரும்பங்கு. மணல் அவ்வளவாக நெருங்காது. மணற்காட்டு மணற்குன்றின் மேல் எவ்வளவு மணல் ஏறினாலும், ஒட்டுவதற்கொரு பொருள் வராதவரை அது மணலாகவே இருக்கும். ஆகவே 'பாறையாதல்' என்பதைப் பொதுச்சொல்லாக வைத்து, இறுகலையும் ஒட்டலையும் அதன் இரு வழிகளாகப் பிரித்துச் சொல்வதே சரி.

அந்த ஒட்டலுக்கு நான் முன்மொழிவது 'சாந்துப்பிணைவு'. ஒட்டும் பொருளுக்குப் 'பிணைச்சாந்து'. கொத்தனார் குழைப்பது சாந்து என்பது எவருக்கும் தெரியும். சிப்பியையும் சுண்ணாம்புக்கல்லையும் சுட்டெடுத்த சுண்ணாம்பில் சாந்து குழைத்த பழக்கமும் நம்மிடம் உண்டு. கல்சைற்றுச் சாந்து (கல்சைற்று என்பது கல்சியம் காபனேற்றுக் கனிமம்), சிலிக்காச் சாந்து, இரும்பொட்சைட்டுச் சாந்து என்று வகைப்படுத்தவும் வசதியானது. மணற்கல் பலவற்றின் செந்நிறத்துக்கு இம்மூன்றாவதே காரணம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். கொத்தனார் கல்லை அடுக்கும்போதே சாந்தையும் இடுகிறார். பாறையிலோ, துகள்கள் படிந்தபின் இடைவெளிகளில் ஊடுருவும் நீரிலிருந்து பளிங்குகள் மெல்ல வளர்கின்றன. துகள்களோடு கூடவே படியும் நுண்சேறு வேறு. அதற்கு 'இடைநிரப்பு' என்று தனிச்சொல் வைத்துவிட்டால் குழப்பம் வராது. வகுப்பில் விளக்க எங்கள் வீட்டுக் கேத்தலே போதும்: யாழ்ப்பாணக் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும்போது அடியில் பிடிக்கும் வெள்ளைப் படை பெரும்பாலும் கல்சியம் காபனேற்றே. அது பல இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லிலிருந்து நீர் கரைத்தெடுத்தது. அதே கரைசல் நிலத்தடியில் ஓரிடத்தில் குழியைக் குடைகிறது, யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு அப்படி உருவானதே; வேறோரிடத்தில் சிப்பித் துண்டுகளுக்கிடையே சாந்தாகப் படிகிறது.

வகைப்பாட்டுக்கும் இப்பிரிப்பு தேவை. உடைந்த துகள்களாலான மணற்கல், உருண்ட கற்கள் ஒட்டிய உருளைக்கற்றிரள் போன்றவற்றை விவரிக்கத் துகளின் பருமனோடு சாந்தின் வகையையும் சொல்லவேண்டும். நீர் ஆவியாகிப் படியும் பாறையுப்பு அப்படியல்ல. ஆனையிறவு உப்பளத்தில் போலப் பளிங்குகள் ஒன்றோடொன்று பின்னி வளர்வதால் அங்கு தனியாகச் சாந்து தேவையில்லை. சுண்ணாம்புக்கல்லை உயிரினவழிப் பாறை என்று ஒரே பெட்டியில் போடுவதும் முழுச் சரியன்று. சுண்ணாம்புக்கற்கள் பலவற்றில் இருப்பவை அலையில் நொறுங்கிய ஓடுகளின் துண்டுகள், அவற்றைக் கல்லாக்கியது கல்சைற்றுச் சாந்து.

மறுப்பு இல்லையெனில், பட்டியலில் பாறையாதல், இறுகல், சாந்துப்பிணைவு, பிணைச்சாந்து, இடைநிரப்பு ஆகிய ஐந்தையும் அடுத்தடுத்து இடும்படி கேட்டுக்கொள்கிறேன்.